61 நாள் ஓய்வும் வலையின் கண்ணும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை மாதங்கள். 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017 முதல் 61 நாளாக நீண்டிருக்கிறது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் கடலுக்கு ஓய்வு தருகிறோம் என்பது அரசு சொல்லும் காரணம். ஆய்வாளரின் பேச்சு கடற்கரை வரை வந்து சட்டமானதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம் இதுதான். ஆனால் அந்தப் பேச்சில் பாதியைத்தான் நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தத் தடையின் முதல் பலம், அது நடைமுறையில் இருக்கிறது என்பதே. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் நல்ல விதிகள் பல உண்டு. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இருட்டில், நடுக்கடலில், அதை யார் போய் அளப்பது? இரட்டைமடி, சுருக்குமடி வலைகளுக்கு விதித்த தடைகள் எத்தனை முறை மீறப்படுகின்றன என்பது கடற்கரை ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். தடைக்காலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறதா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். மீனவர்களும் குறைகளோடு அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வர்ணம் அடிப்பது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது எல்லாம் இந்த நாட்களில்தான். இழுவை மடி தரையை உழாத இரண்டு மாதம் கடலடிக்கும் நன்மைதான். இதையெல்லாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் மீன்வளம் பெருகியதா என்று கேட்டால் பதில் சங்கடமானது. தடை முடிந்து முதல் படகுகள் திரும்பும்போது மீன்பாடு நன்றாக இருக்கும். ஏலக்கூடம் களைகட்டும், படம் பத்திரிகையில் வரும், தடைக்காலம் பலன் தந்துவிட்டது என்று செய்தியும் வரும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010இல் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு இந்த மகிழ்ச்சியை நிதானமாகக் கேள்வி கேட்டது. தடைக்குப் பின் கூடும் பாடு குறுகிய காலத்துக்கே நிற்கிறது, வளம் நீண்டகால நோக்கில் மீண்டதற்கு அது சான்றாகாது என்பதே அதன் சாரம். காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. இரண்டு மாதம் வளர்ந்த மீனை, முன்னைவிடப் பெரிய இன்ஜினும் நீண்ட வலையும் கொண்ட படகுகள் சில வாரங்களில் வாரிவிடுகின்றன. மீன்பிடி நாட்களைக் குறைத்தோம், மீதி நாட்களில் பிடிக்கும் திறனைக் கட்டுப்படுத்தவில்லை.

தேதியிலும் சிக்கல் இருக்கிறது. வெப்பமண்டலக் கடலில் மீன் இனங்கள் பல. அவற்றில் பலவும் ஆண்டில் ஒருமுறைக்கு மேல் முட்டையிடும், உச்சக் காலமும் இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் மாறும். பழவேற்காட்டிலிருந்து பாக் நீரிணை வரை ஒரே தேதி என்பது நிர்வாகத்துக்கு வசதி. ஐப்பசி, கார்த்திகையில்தான் சினைமீன் அதிகம் வருகிறது, தடையை அப்போது வையுங்கள் என்று பாக் நீரிணை மீனவர்களிடமிருந்து கோரிக்கை எழுவதுண்டு. அது முழுக்கச் சரியா என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும். வியாபாரக் கணக்கு என்று ஒதுக்காமல், இனம் இனமாகச் சோதித்துப் பதில் சொல்வது ஆய்வாளர்களின் கடமை. அதே நீரிணையின் மறுகரையில், இலங்கைப் பக்கம், இதற்கு இணையான தடைக்காலம் கிடையாது என்பதையும் மறந்துவிடலாகாது. எல்லை தெரியாத மீனுக்குப் பாதிக் கடலில் மட்டும் ஓய்வு.

கேரளத்தின் மத்தி மீன் இன்னும் கூர்மையான பாடம். அங்கே மழைக்கால இழுவைத் தடை 1988இலிருந்து இருக்கிறது. 2012இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,300 டன் அளவுக்கு விழுந்தது. கடலின் வெப்பமும் மழையும் உணவாகும் மிதவை உயிரிகளும் இதில் பங்கு வகித்தன. ஆகவே பழி முழுவதையும் மனிதர் மேல் போட முடியாது. ஆனால் மத்தியை வளைத்துப் பிடிப்பது பெரும்பாலும் இழுவைப் படகு அல்ல, பெரிய வளைப்பு வலை. அது மரபுவழித் தொழிலின் கணக்கில் வந்து தடைக்கு வெளியே நின்றது. கட்டுமரத்துக்கும் சிறு வள்ளத்துக்கும் விலக்கு தருவது நியாயம், அவற்றில் போகிறவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். அந்த விலக்குக்குள் பல இன்ஜின் பூட்டிய பெருவலையும் நுழைந்துகொண்டால் தடை யாரைத் தடுக்கிறது? கேரளம் பின்னர் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையைக் கேட்டு, பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை இனவாரியாகச் சட்டமாக்கியது. மத்திக்கு 10 செ.மீ. எனக்குத் தடைக்காலத்தைவிட இதுவே நேர்மையான அறிவியலாகப் படுகிறது. ஒருமுறையாவது முட்டையிட அந்த மீனுக்கு வாய்ப்புக் கொடு என்று அது கேட்கிறது.

நம் துறைமுகங்களில் நடப்பது என்ன? ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று ஒரு குவியலைத் தனியே தள்ளுவார்கள். விரல் நீளக் காரல், நகம் அளவு நண்டு, இன்ன மீன் என்று சொல்ல முடியாத குஞ்சுகள், நசுங்கிய கணவாய் எல்லாம் சேற்றோடு கலந்து கிடக்கும். காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும். வளர்ந்திருந்தால் தனித்தனியே ஏலம் போயிருக்கும் மீன்கள் அதில் எத்தனையோ. கரைக்கு வருவதை ஆராய்ச்சி நிலையத்தார் இறங்குதளங்களில் மாதிரி எடுத்துப் பல பத்தாண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். நாட்டின் கடல் மீன் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அந்த உழைப்பின் பயன். ஆனால் நடுக்கடலிலேயே திருப்பிக் கொட்டப்படும் குஞ்சு அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இழுவை வலையின் கடைசியில் மீன் சேரும் பையின் கண் 40 மி.மீ. இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமான சாய்சதுரக் கண், இழுவை இறுகும்போது நீளவாக்கில் இழுபட்டு மூடிக்கொள்ளும், குஞ்சு வெளியேற வழியிராது. கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல காலமாகப் பரிந்துரைக்கும் சதுரக் கண் இழுவையிலும் திறந்தே நிற்கும். செலவும் பெரிதில்லை. ஆனால் முதல் நாளே பாடு குறையும் என்பதால், பக்கத்துப் படகு மாற்றாதவரை எந்த உரிமையாளரும் மாற்றமாட்டார். பங்குக்கு வேலை செய்யும் கூலி மீனவருக்கோ இதில் குரலே இல்லை. தடைக்காலத்தில் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம், இரண்டு மாதத்துக்கு. ஐஸ் உடைப்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் அதுவும் கேள்விக்குறி. பாதுகாப்பின் விலையை இவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, பலனைப் பெரிய படகு அள்ளிப்போக விடும் ஏற்பாடு நீண்ட நாள் நிற்காது.

ஆண்டுதோறும் தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. படகின் நீளம், இன்ஜின், பதிவு எல்லாம் பார்க்கிறார்கள். வலைகள் அப்போது கரையில்தான், கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அதே நாளில் ஒவ்வொரு வலையின் கண்ணையும் அளக்கட்டும், சதுரக் கண் பைக்கு முதல் தடவை அரசே பணம் தரட்டும், அது பொருத்தாத படகுக்கு ஜூன் 15 அன்று டீசல் மானியம் இல்லை என்று அறிவிக்கட்டும். கடலில் போய்ப் பிடிக்க முடியாத விதியைக் கரையில் பிடிக்க ஆண்டுக்கு 61 நாள் நம் கையில் இருக்கிறது.