கைமுறுக்கும் கைப்பேச்சும்

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையில் ஆட்டையாம்பட்டி நெருங்கிவிட்டதை முறுக்குக் கடைப் பலகைகளே சொல்லிவிடும். சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு நடுவே இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது, சத்தமே போடாத ஒரு விரல் வேலை. கைமுறுக்கைத் தின்பண்டமாக மட்டும் பார்க்கிறவர்கள் பாதியைத்தான் ருசிக்கிறார்கள் என்பது என் கட்சி. மீதிப் பாதி அதைச் சுற்றும் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பற்றிப் பேசும் பேச்சிலும் இருக்கிறது.

வாயில் போடும் முன் ஒரு முறுக்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அச்சில் பிழிந்த முறுக்குக்கு உடம்பெல்லாம் ஒரே தடிமன்; வில்லையில் உள்ள ஓட்டை எப்படியோ அப்படியே இழையும். கைமுறுக்கில் இழை தன்னைத்தானே திருகிக்கொண்டு போகிறது. சின்னச் சின்ன மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி நடுவிலிருந்து வெளிச்சுற்று வரை நடக்கின்றன. தேர்ந்த கையாக இருந்தால், முதல் சுற்றில் மடிப்புக்கு மடிப்பு என்ன இடைவெளியோ அதே இடைவெளிதான் கடைசிச் சுற்றிலும். இது லேசுப்பட்ட காரியமில்லை. வெளியே வர வர வட்டம் பெரிதாகிறது, கை நகரும் தூரம் கூடுகிறது. திருகும் வேகமும் நகரும் வேகமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் போனால்தான் மடிப்பு சீராக விழும். யாரும் இதைக் கணக்குப் போட்டுச் செய்வதில்லை.

பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, அரைத்துச் சலித்த மாவு. அதோடு வறுத்தரைத்த உளுந்து, உப்பு, பெருங்காயம், சீரகமோ எள்ளோ, கொஞ்சம் வெண்ணெயோ சூடான எண்ணெயோ. பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கைக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இழையை வெளியே தள்ளும்போதே ஒரு திருகு கொடுக்கின்றன. தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டால் இழை துவண்டு மடிப்பு மழுங்கிவிடும். குறைந்தால் மடிப்பின் முதுகில் வெடிப்பு விடும்.

முறுக்குச் சுற்றும் பெண் ஒருவர் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது, “எப்படிங்க அக்கா இவ்வளவு சீரா சுத்துறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “இதுல என்னங்க இருக்குது, இப்படி எடுத்து, இப்படி உட்டு…” என்பார். அந்த ‘இப்படி’ வாயிலிருந்து வருவதற்குள் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் புரளத் தொடங்கியிருக்கும். மாவே இல்லாமல் வெறும் கையில் ஒரு முறுக்கு சுற்றி முடித்துவிடுவார். நமக்குக் காட்டுவதற்காகச் செய்கிறார் என்றுதான் தோன்றும். ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள். கேட்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்திருந்தும் அசைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கையசைவு பார்ப்பவருக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. சொல் பிறக்கும்போதே கையும் கூட எழுந்துகொள்கிறது.

கேட்கிறவர் பக்கமும் இதே கதைதான். 2004-ல் ஒலாஃப் ஹாக், இங்க்ரிட் ஜான்ஸ்ரூட், ஃப்ரீட்மான் புல்வர்முல்லர் மூவரும் கேம்பிரிட்ஜில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். காலால், கையால், வாயால் செய்யும் செயல்களைக் குறிக்கும் வினைச்சொற்களை ஒருவர் சும்மா படித்தாலே, அந்தந்த உறுப்பை அசைக்கும் மூளைப் பகுதிகளிலோ அவற்றை ஒட்டியோ ஒரு கிளர்ச்சி தெரிந்தது. ஆனால் இதை வைத்துக்கொண்டு சொல்லின் பொருள் மொத்தமும் உடம்பில்தான் இருக்கிறது என்று முடிவுகட்ட எனக்குத் துணிவில்லை. வாக்கியம் சொல்லும் திசையும் நம் கை நகரும் திசையும் ஒத்திருந்தால் சீக்கிரம் பதில் சொல்கிறோம் என்று 2002-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. 2022-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2008-ல் சியான் பைலாக் குழுவினர் ஐஸ் ஹாக்கியை வைத்துச் செய்த ஆய்வு. ஆட்டத்தின் அசைவுகளைச் சொல்லும் வாக்கியங்கள் ஆட்டக்காரர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்தன. அதில் வியப்பில்லை. மட்டையே பிடிக்காமல் வருடக்கணக்கில் பார்த்து மட்டுமே வந்த ரசிகர்களுக்கும் அந்த அனுகூலம் இருந்தது. அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதி அவர்களுக்கும் கைகொடுத்தது.

முறுக்குப் பலகையருகில் இது கண்ணெதிரே நடக்கிறது. புதிதாகச் சுற்றப் பழகும் பெண்ணிடம் பெரியவர், “அமுத்தாத கண்ணு. மாவு தானா வரும், நீ திருப்பி மட்டும் உடு” என்கிறார். கேட்ட பெண் இன்னும் பலமாக அமுத்துகிறாள். வாரங்கள் போகின்றன. விரல் பழகிய பிறகு அதே சொற்கள் அவளுக்கு அளவெடுத்ததுபோல் விளங்குகின்றன: எவ்வளவு அமுத்தம், எந்த இடத்தில் திருப்பம், எப்போது விட வேண்டும், எல்லாம். சொல்லித் தந்தவர் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டார். புத்தகத்தைப் பார்த்து முறுக்குச் சுற்ற முயன்றவர்களுக்கு இது புரியும். பக்கத்தில் உட்கார்ந்து நெடுநாள் பார்த்துக்கொண்டே இருந்த ரசிகனுக்கும் அந்தப் பேச்சு கொஞ்சம் திறந்துகொடுக்கும் என்று அந்த ஹாக்கி ஆய்வைப் படித்த பிறகு தைரியமாகச் சொல்கிறேன்.

அடுப்படியில் வேலை காதுக்கு மாறுகிறது. எண்ணெயில் விழுந்ததும் மாவின் ஈரம் ஆவியாகிக் குமிழி குமிழியாகக் கிளம்பும். சட்டியில் ஒரே இரைச்சல். ஈரம் குறையக் குறைய இரைச்சல் அடங்கும். அடுப்புக்கு முதுகு காட்டி வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கூட “சத்தம் அடங்கிருச்சு, எடு” என்று குரல் கொடுப்பார். தின்கிறவனுக்கும் காது வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் சம்பினி, ஸ்பென்ஸ் இருவரும் 2004-ல், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கிறவர்களுக்கு அவர்கள் கடிக்கும் சத்தத்தையே ஹெட்ஃபோனில் மாற்றிக் கேட்கவைத்தார்கள். சத்தத்தைக் கூட்டியபோதும், அதன் கீச்சான பகுதியை உயர்த்தியபோதும் சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்னாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆட்டையாம்பட்டிக்குப் போனால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். சுற்றுகிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மாவு தீரும்வரை அந்த விரல்களையே பாருங்கள். பிறகு அமைதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வெளிச்சுற்றிலிருந்து உடைத்துத் தின்னுங்கள். நடுச்சுற்றைக் கடைசிக்கு வையுங்கள். வளைவு மிகவும் குறுகலான அந்த இடத்தில்தான் மடிப்புக் கெடாமல் திருப்புவது கஷ்டம்; சுற்றியது எப்படிப்பட்ட கை என்பது அங்கே தெரிந்துவிடும்.