சாய்ந்து நிற்கும் சக்கரம்

அகல டயர் போட்டால் கார் தரையைக் கவ்வும் என்பது பாதி உண்மை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் 3.7 கிலோமீட்டரைச் சில சுற்று விரட்டி வந்த காரின் முன்டயரைத் தடவினால் மீதி தெரியும்: வெளியோரம் சுரண்டியதுபோல் சொரசொரக்கும், உள்ளோரம் புதுக்கருக்கு மாறாதிருக்கும். வளைவில் பாடி சாயும்போது, எவ்வளவு அகலமிருந்தாலும் பாரம் சுமப்பது அந்த வெளியோரம்தான். கைதேர்ந்த மெக்கானிக் அதனால்தான் சக்கரத்தின் தலையை இரண்டு, மூன்று டிகிரி உள்ளே சாய்க்கிறார். போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை தள்ளி, முறுக்கி, மறுபடி அளக்கும் அந்தப் பொறுமையே தனி அழகு. நேராக ஓடும்போது பிரேக் பிடிப்பு குறையாதா? கொஞ்சம் குறையும், வளைவில் கிடைப்பது அதைவிட அதிகம். சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குத் தினமும் போய்வரும் காருக்கு மட்டும் இது ஆகாது, உள்ளோரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். தடத்துக்குப் போகிறவர்கள் முதலில் அலைன்மென்ட் பாருங்கள், அப்புறம் டயர் வாங்கலாம்.