கை நனைக்குமுன் ஒரு டம்ளர்

மதுரைப் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள், பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீரோ காபியோ கலரோ, அத்தோடு சரி. தாம்பூலத் தட்டு மாற்றிய பிறகுதான் இலை போடுவார்கள். ஆக, நிச்சய வீட்டில் சம்பந்தியின் நாக்கில் முதலில் படுவது டம்ளரில் வருவதுதான். சாப்பாட்டுக்குச் சமையல்காரரோடு உட்கார்ந்து ஊறுகாய் வரை பட்டியல் போடுகிற நாம், அந்த டம்ளருக்கு மட்டும் ‘வெல்கம் டிரிங்க்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். எசன்ஸ் கலந்த பச்சைத் தண்ணீர் வந்து நிற்கிறது. இந்த ஊருக்கு அது அடுக்காது.

கலருக்கு இங்கே தனி மரியாதை உண்டு. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோவும், கோலி சோடாவும், பன்னீர் சோடாவும் திடீரென்று வந்த விருந்தாளிக்கு நீட்ட ஏற்றவை. நாள் குறித்து அழைத்தவர்களுக்குக் கையால் செய்ததைத் தர வேண்டும்.

வைகாசி முகூர்த்தமா? வேனிலிருந்து வியர்த்து இறங்குகிறவர்களுக்கு நன்னாரி சர்பத். தாகம் தீரும், பந்தியில் பசி குறையாது. நன்னாரியின் மணம் வேரின் தோலில்தான் இருக்கிறது. நடு நரம்பு வெறும் கட்டை. வேரை லேசாகத் தட்டி, நரம்பை உருவி எறிந்துவிட்டு, தோலை மட்டும் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்துப் பாகில் சேர்க்க வேண்டும். வேரைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். அந்த வாசத்துக்குக் காரணமான மூலக்கூறு, வெனிலாவில் உள்ள வெனிலினுக்குச் சகோதரன்; இரண்டிலும் அதே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு. வெனிலாவைத் தேடிப் போகிறவர்கள் இந்த வேரை ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும். எலுமிச்சையைக் கொடுக்கும் நேரத்தில் பிழிந்தால் போதும்.

தை மாதத்து மாலை நிச்சயம் என்றால் பருத்திப்பால். மதுரைத் தெருக்களில் இரவில் தள்ளுவண்டியில் வருகிற அதே பானம். திருமங்கலம், அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டின் சரக்கு. ஊறிய பருத்திக்கொட்டையை ஆட்டி, துணியில் பிழிந்து, பச்சை வாடை போகும்வரை கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கொஞ்சம் அரிசிமாவு, தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டிய கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்த்துருவல். சரியான பதத்தில் அது கரண்டியின் முதுகில் மெல்லப் படியும், கஞ்சியாகிவிட்டால் கெட்டது. முதல் மடக்கில் கருப்பட்டி, தொண்டையில் இறங்கும்போது சுக்கு, கடைசியில் கொட்டையின் பால்மணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். பெரியவர்கள் பேச்சு நீண்டாலும் சூடான டம்ளர் கையில் இதமாக இருக்கும்.

ஜிகர்தண்டாவைப் பந்திக்கு முன்னால் தருவது பெரும்பிழை. பிரியாணி சாப்பிட வந்தவரின் பசியை அது தீர்த்துவிடும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவருக்கு அதைப்போல வேறொன்று இல்லை. விளக்குத்தூண் பக்கம் நின்று குடித்தவர்களுக்கு அதன் அடுக்கு தெரியும்: அடியில் கண்ணாடிபோல் உப்பிய பாதாம் பிசின், மேலே நன்னாரி சர்பத், பழுப்பேறும்வரை சுண்டிய பால், பாசந்தி, உச்சியில் ஐஸ்கிரீம். பிசினுக்குப் பதில் கடல்பாசிக் கூழ் போடுகிறவர்களும் உண்டு. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் மதுரை வட்டாரத்திலேயே இருக்கின்றன. நல்ல ஜிகர்தண்டாவில் பிசின் பல்லில் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும். பாலின் நிறம் காய்ச்சிய நேரத்தால் வந்திருக்க வேண்டும், பவுடரால் அல்ல.

எட்டு ஸ்டால் போட வேண்டியதில்லை. வந்ததும் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, இரண்டே போதும். அந்தக் காசில் நல்ல வேரும் சுத்தமான கருப்பட்டியும் வாங்கலாம். வேர், கொட்டை, பிசின் மூன்றுமே முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டியவை. நாளை வரப்போகிறவர்களை இன்றிரவே மனதில் வைத்துச் செய்கிற வேலை அது. புதிதாகச் சம்பந்தம் கலக்கப்போகிற வீட்டாருக்கு நாம் காட்டக்கூடிய முதல் மரியாதை அந்த முன்யோசனைதான்; டம்ளரை வாயில் வைத்ததும் அவர்களுக்கு அது தெரிந்துவிடும்.