பூட்டு யாருக்கு?

மங்கலம்பேட்டையில் மாலை மயங்கும் வேளை. விருத்தாசலத்தில் கல்லூரிப் பாடம் முடித்த மாணவியும், பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டிக் களைத்த பெண்ணும் பேருந்தை விட்டிறங்குகின்றனர். கடையோரம் நிற்பவன் சீழ்க்கையடிக்கிறான், பின்தொடர்கிறான். செய்தி வீட்டை எட்டுகிறது. தீர்ப்பும் பிறக்கிறது. அவனுக்கா? இல்லை, அவளுக்கு! "நாளை முதல் படிப்பு வேண்டாம்!"

குற்றம் அவனுடையது, தண்டனை அவளுக்கு! எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகளில் வழங்கப்படும் தீர்ப்பு இது! இந்த விந்தை நீதியை எள்ளி நகையாடும் கதையொன்றை இளைஞர் முன் வைக்கிறோம்.

'சுல்தானாவின் கனவு' அதன் பெயர். எழுதியவர் வங்கத்தின் ரொக்கேயா சகாவத் உசேன். கோஷாத் திரைக்குள் வளர்ந்து, பின்னர் 1911இல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி கண்ட பெருமாட்டி. ஆங்கிலத்தில் அவர் தீட்டிய அக்கதையை 1905இல் வெளியிட்டது நம் சென்னை! கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய மாதர் இதழில் அது வெளிவந்தது.

கனவிலே பெண்ணாடு ஒன்றைக் காண்கிறாள் கதைசொல்லி. வீதியெங்கும் பெண்கள், ஆடவரோ வீட்டுக்குள்ளே, அடுப்படியிலும் தொட்டிலருகிலும்! கதிரவனின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கவும் முகிலிலிருந்து நீரை ஈர்க்கவும் கற்ற பல்கலைக் கழகங்கள் பெண்கள் கையில். குற்றமில்லை, எனவே காவலருக்கு வேலையில்லை. வீதியில் நடக்க நாணிக் கூசும் கதைசொல்லியைப் பார்த்து, ஆண்பிள்ளை போல் அஞ்சுகிறாளே என்று அந்நாட்டுப் பெண்கள் நகைக்கின்றனர்! தோழி தொடுக்கும் வினாவோ கூரிய வேல். பித்தர் தப்பி ஓடினால் பித்தரைப் பிடித்து அடைப்பதா, தெளிந்தோரை அடைத்துவிட்டுப் பித்தரை உலவ விடுவதா?

"ஆடவரை அடைப்பது அநீதி" என்று சீறுவோர் உண்டு. கற்பனையில் ஆணை ஒருநாள் அடைத்ததற்கே துடிக்கும் நெஞ்சம், நடப்பில் பெண்ணைத் தலைமுறை தலைமுறையாய் அடைத்தபோது துடித்ததா? அந்தக் கேள்வியை எழுப்பியதே கதையின் வெற்றி.

ஆயினும் குறை கூறாதது திறனாய்வாகாது. அங்கே கைதி மாறினான், சிறை மாறவில்லை. இருபாலரும் அஞ்சாது ஒரே தெருவில் நடக்கும் காட்சியைக் கதை காட்டவில்லை. அங்கதம் நோயைக் காட்டும் கண்ணாடி. மருந்து தேட வேண்டியவர் நாம்.

தேடினோமா? 1992இல் தமிழகத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி, சீண்டிய கும்பலால் உயிரிழந்த பின், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச்சட்டம் வந்தது. 2021 மே திங்களில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பேருந்தில் 'மகளிர்' எனப் பொறித்த இருக்கைகளும் உண்டு. இவை வேண்டாமென்போமா? ஒருபோதும் இல்லை! கால் முறிந்தவனுக்கு ஊன்றுகோல் தேவை. ஆனால், கோல் கொடுத்தோம் என்பதற்காக, காலை முறித்தவனைக் கைவீசி நடக்க விடலாமா?

தனி இருக்கை பேருந்தோடு முடிகிறது. அவள் இறங்கிய பின் வீடுவரை நீளும் இருட்டு யாருடையது? அங்கே விளக்கும் வேண்டும். பார்த்தும் பாராதது போல் நிற்காத மனிதரும் வேண்டும்.

விருத்தாசலத்துப் பீங்கானை வைக்கோலில் பொதிந்து அனுப்புவர். அது உடையும் பொருள். பெண் உடையும் பொருளல்லள், பொதிந்து வைக்க! கல்லெறியும் கையைத் தடுப்பதே முறை.

இளைஞனே! உன் நண்பன் சீழ்க்கையடிக்கும்போது உடன் சிரித்தாயா, தடுத்தாயா? உன் தங்கையின் புத்தகத்தைப் பறித்துப் பெட்டியில் பூட்ட வீட்டார் முனையும்போது, பூட்டு யாருக்கு என்று கேட்டாயா? கேள்! நாளைக் காலைப் பேருந்தில் அவள் ஏறட்டும்!