ஐம்பத்தைந்துக்கு முன்னால் நடந்தது

2024 டிசம்பர் 12. பாளையங்கோட்டையில் நல்ல மழை. மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்றபடி சிங்கப்பூர் ஆட்டத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் தெரு அண்ணாச்சி. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். மாலை ஆறரை வாக்கில் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷ் ஒருகணம் திகைத்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த மூன்று நகர்த்தல்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினெட்டு வயதில் ஒரு சென்னைப் பையன் உலக சாம்பியன்.

நான் கத்தினேன். அண்ணாச்சி கத்தவில்லை. கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னவே ஜெயிப்பு இது? அவன் தட்டுல வச்சுக் குடுத்துட்டான், இவன் எடுத்துக்கிட்டான். இதுக்கா இவ்வளவு சத்தம் போடுதீரு?"

அவர் மட்டும் சொல்லவில்லை. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், உலகப் பட்டம் இப்படி ஒரு சிறுபிள்ளைத் தவறில் முடிவானதே இல்லை என்று வருத்தப்பட்டு எழுதினார். நம் ஊர்ப் பத்திரிகைகளோ எதிர்த்திசையில் போயின. வயது, சாதனை, பரிசுத்தொகை எல்லாம் எழுதினார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் 'கடைசி நேரத்தில் எதிராளி தவறு செய்தார்' என்று ஒரு வரி. இகழ்ந்தவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். திருப்பம் 55ஆவது நகர்த்தலில் நடந்தது என்பதுதான் அது.

நான் அதை ஏற்கவில்லை. அந்தத் தவறு வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன்னால் ஒரு பாதை இருந்தது, அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தவர் டிங். அதில் அவரைத் திரும்ப விடாமல் நடத்திக்கொண்டு போனவர் குகேஷ்.

ஆட்டத்துக்கு வருவோம். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்து இருவரும் 6½ - 6½ என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங்குக்கு. டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக், அதாவது விரைவு ஆட்டங்கள். அதில் டிங்கின் கைதான் ஓங்கியிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. 2023இல் அஸ்தானாவில் அவர் நெபோம்னியாச்சியை வென்று பட்டம் பெற்றதே டை-பிரேக்கில்தான். ஆகவே டிங்கின் கணக்கு எளிமையானது: இன்று தோற்காமல் இருந்தால் போதும்.

29ஆவது நகர்த்தலில் அவர் தன் பி-வரிசைச் சிப்பாயை முன்னால் தள்ளி, வெட்டிக்கொள் என்று கொடுத்தார். குகேஷ் ராணியால் வெட்டினார். 30இல் ராணிகள் மாறின. 31இல் ஒரு ஜோடி யானைகள் மாறின. பலகை காலியானது. இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் மூன்று சிப்பாய்கள், டிங்கிடம் இரண்டு, எல்லாமே பலகையின் ஒரே பக்கத்தில். இப்படிப்பட்ட நிலை பெரும்பாலும் டிராவில்தான் முடியும். எஞ்சின்களும் அப்படியே சொல்லின.

இங்கேதான் நான் அண்ணாச்சியோடு சண்டை போடுகிறேன். எஞ்சின் டிரா என்று சொல்வது ஒரு உண்மை. ஆனால் அந்த நிலையில் ஒருவர் மட்டுமே தோற்க முடியும் என்பதும் உண்மை. குகேஷ் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆபத்தில்லாமல் முயன்று பார்க்கலாம். டிங் ஒவ்வொரு நகர்த்தலிலும் சரியாக இருந்தாக வேண்டும். பதினெட்டு நாட்களில் பதினான்காவது ஆட்டம், அதன் நான்காவது மணி நேரம். எஞ்சினுக்குக் களைப்பு கிடையாது. மனிதனுக்கு உண்டு. தன்னிடம் வெள்ளைக் காய்கள் இருந்த நாளில், தான் மட்டுமே தோற்கக்கூடிய ஒரு நிலையை நிம்மதி என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தார் டிங். என் கணக்கில் திருப்பம் 29ஆவது நகர்த்தல்தான்.

சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவன் நான். செஸ் பலகையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மண்டபத் தரையில் கீறிய ஆடுபுலி ஆட்டம் தெரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு யாரையும் வெட்ட முடியாது, புலியை அடைக்கத்தான் முடியும். அதில் புதிதாக ஆடுகிறவன் எப்போதும் ஒரு தப்பைச் செய்வான். புலி நெருக்கும்போது, 'இந்த ஒண்ணைத் தின்னுட்டுப் போகட்டும்' என்று ஓர் ஆட்டை விட்டுக்கொடுப்பான். அந்த நேரத்துக்கு நெருக்கடி தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் ஆடு போன இடம் இனி புலி உலவும் இடம். அடைப்பதற்கான ஆள் குறைந்துபோயிருக்கும். 29ஆவது நகர்த்தலைப் பார்த்தபோது எனக்கு அந்த மண்டபத் தரைதான் ஞாபகம் வந்தது.

ஜப்பானியர்களின் ஷோகியில் இந்த வழியே கிடையாது. அங்கே வெட்டிய காயை வெட்டியவர் தன் காயாகத் திரும்பப் பலகையில் இறக்கலாம். அதனால் காய்களை மாற்றிக்கொண்டே போனால் பலகை காலியாகாது, சிக்கல்தான் கூடும். ஒரே நிலை நான்கு முறை திரும்ப வந்தால்கூட தொழில்முறைப் போட்டியில் அந்த ஆட்டத்தைத் தள்ளிவிட்டு மறுபடியும் ஆட வைப்பார்கள். நம் செஸ்ஸில் மட்டும் 'காலி பண்ணிட்டுப் போயிரலாம்' என்ற வாசல் திறந்தே இருக்கிறது. அதை எப்போது பயன்படுத்துவது என்று தெரிவது ஒரு திறமை. பயந்த நேரமெல்லாம் அதைத் தேடி ஓடுவது ஒரு பழக்கம்.

32இலிருந்து 54வரை குகேஷ் என்ன செய்தார்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. யானை அங்கே இங்கே போகிறது, மந்திரி ஒரு கட்டம் நகர்கிறது. ஆனால் ராஜாவை மட்டும் தொடர்ந்து பாருங்கள். ஜி7, எச்6, ஜி5, எஃப்6, கடைசியில் 54ஆவது நகர்த்தலில் இ5. அவசரமே இல்லாமல் பலகையின் நடுவுக்கு நடந்து வந்துவிட்டது. இ5இல் வந்து நின்றபோது அது எஃப்4இல் இருந்த டிங்கின் யானையைத் தாக்கியது. யானை எங்காவது போயே ஆகவேண்டும். இதற்குள் டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த மூலையிலிருந்து வெளியே வர ஒரே ஒரு சாய்வுப் பாதைதான் உண்டு.

யானையை நாலாவது வரிசையிலேயே பக்கவாட்டில் தள்ளியிருந்தால் டிரா நீடித்திருக்கும். டிங் அதை எஃப்2க்கு இழுத்து, யானைகளை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார். குகேஷ் மாற்றிக்கொண்டார். உடனே தன் மந்திரியை டி5இல், அந்த ஒரே பாதையின் குறுக்கே நிறுத்தினார். மூலையில் இருந்த மந்திரிக்குத் தப்ப வழியில்லை, அதுவும் மாறியாக வேண்டும். மிச்சம் இரண்டு ராஜாக்கள், டிங்குக்கு ஒரு சிப்பாய், குகேஷுக்கு இரண்டு. ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவெளியில் நேருக்கு நேர் நிற்க, நகர வேண்டியது டிங்கின் முறை. வழிவிட்டே ஆகவேண்டும். 58 நகர்த்தல்களில் கை கொடுத்துவிட்டார்.

அந்தத் தவறின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஏதோ கண் மறைத்து ராணியை இழக்கவில்லை அவர். இன்னும் ஒரு ஜோடியை மாற்றிக் காலி பண்ணிவிடலாம் என்று நினைத்தார். 29, 30, 31இல் செய்ததையே 55இலும் செய்தார். மூன்று முறை காப்பாற்றிய பழக்கம் நாலாவது முறை கவிழ்த்துவிட்டது.

இதைச் சொல்லும்போது டிங்கைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் சாம்பியனான பிறகு மனச்சோர்வால் பட்ட பாட்டை அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரிக்குப் பிறகு நீண்ட நேர ஆட்டம் ஒன்றில்கூட வெல்லாமல் சிங்கப்பூருக்கு வந்தவர், முதல் ஆட்டத்திலேயே கறுப்புக் காய்களோடு குகேஷை வீழ்த்தினார். 11ஆவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் காயைப் பறிகொடுத்துத் தோற்றார், மறுநாளே 12ஆவது ஆட்டத்தில் குகேஷை மூச்சுவிட விடாமல் நசுக்கினார். மொத்தத் தொடரிலும் என்னைக் கேட்டால் மிக அழகான ஆட்டம் அதுதான். 13இல் தோல்வியின் விளிம்பில் நின்று, யானையை எஃப்8க்கு நகர்த்தும் ஒரே வழியைக் கண்டுபிடித்துத் தப்பினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அஸ்தானாவில் கடைசி விரைவு ஆட்டத்தில், கடிகாரத்தில் நேரம் மிகக் குறைவாக இருக்கும்போது, டிரா கையில் கிடைக்கும் நிலை வந்தது. டிங் 46ஆவது நகர்த்தலில் தன் யானையைத் தானே ஜி6இல் கட்டிப்போட்டு, டிராவை மறுத்து, ஆடி ஜெயித்தார். டிராவை மறுத்ததால் சாம்பியனானவர் அவர். அதே மனிதர் சிங்கப்பூரின் கடைசி நாளில் டிராவைத் தேடிப் போனார். அந்த 12ஆவது ஆட்டத்தை ஆடிய கைக்கு 14இல் சிப்பாயைக் கொடுத்து ஒதுங்க வேண்டிய தேவை என்ன? இந்தத் தொடரில் என்னைத் துக்கப்படுத்துகிற கேள்வி அதுதான்.

குகேஷையும் தூக்கிவைத்துக் கொண்டாட முடியாது. 7ஆவது ஆட்டத்தில் வெற்றி கைக்குள் வந்து நழுவியது, 72 நகர்த்தல்கள் ஆடியும் டிரா. 6ஆவது ஆட்டத்தில் டிங் நகர்த்தல்களைத் திரும்பச் செய்து டிராவுக்கு அழைத்தபோது, தன் நிலை சற்றே தாழ்ந்திருந்தும் மறுத்து ஆடினார். அன்றைக்கு அது அதிகப்பிரசங்கித்தனம் என்று நானே நினைத்தேன். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வென்ற பையன், பத்தாவது சுற்றில் அப்துசத்தோரோவை ஜெயிக்கவேண்டிய நிலையிலிருந்து மேலும் மேலும் அழுத்திப் போய்த் தோற்றார். அணிக்குக் கிடைத்தது வெண்கலம், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. இதே பிடிவாதம்தான் அன்று கவிழ்த்தது. அன்று அதைக் குறையாகப் பார்த்தோம், இன்று குணம் என்கிறோம். அவர் மாறவில்லை. நிலையை உயிரோடு வைத்திருப்பது, எதிராளியிடம் இன்னொரு கேள்வி கேட்பது, அதற்காக வருகிற தோல்வியையும் வாங்கிக்கொள்வது. இது ஒரு முறை. அதிர்ஷ்டம் என்று சொல்வதானால், அந்த முறை அதிர்ஷ்டம் வந்து உட்கார இடம் வைத்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. பள்ளி நாட்களில் ஒரு மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில், ஒரு சிப்பாய் அதிகமாக இருந்த நிலையில், நானே எதிராளியிடம் டிரா கேட்டேன். அவன் ஒத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணாச்சியிடம் ஆட்டத்தை ஆடிக் காட்டினேன். கடைசி நிலையைப் பார்த்துவிட்டு, "ஏம்ல நிறுத்தின?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. தோற்றுவிடுவேனோ என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு மழை விடவில்லை. போனில் குகேஷ் அழுதுகொண்டே, சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கிவைத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணாச்சிக்கு 29இலிருந்து திரும்ப ஓட்டிக் காட்டினேன். ராஜா நடந்து வந்த வழியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இ5இல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"அப்போ அவன் 29லயே தோத்துட்டான்னு சொல்லுதீரு."

"தோக்கல அண்ணாச்சி. தோக்கறதுக்கு இடம் வச்சான்."

"இந்தப் பய அந்த இடத்தை விட்டு நகரவே இல்லைங்கீரு."

"ஆமா."

அவர் இன்னொரு டீ சொன்னார். ஆறிக்கொண்டிருந்த கிளாஸைப் பார்த்தபடி சொன்னார்: "இருந்தாலும் குடுத்தது குடுத்ததுதான்வே. அந்த யானையை நகட்டும்போது அவன் கை நடுங்கிச்சா இல்லையான்னு தெரியணும். ஓட்டும், இன்னொரு தடவை பாப்போம்."