காவல் பெட்டி எங்கே நிற்கிறது?

வலையமைப்பு மேலாண்மைக்கென்று ஒரு அப்ளையன்ஸ் வாங்கி ரேக்கில் பொருத்துவது இப்போது பரவலான வழக்கம். அதை ஆதரிப்பவர்கள் சொல்வது இதுதான்: “ஒரு ஐ.பி. முகவரி கொடுத்தால் போதும். எல்லா ஸ்விட்ச்சுகளையும் ரவுட்டர்களையும் பெட்டியே கண்டுபிடித்து ஒரே திரையில் காட்டிவிடும். நிர்வாகத்துக்கென்று தனிப்பாதை போடும் செலவு மிச்சம்.” இதில் மிச்சம் பற்றிய பேச்சு ஆபத்தானது.

பெட்டியால் வந்த நன்மைகளை மறுக்க முடியாது. 1995இல் வந்த எம்.ஆர்.டி.ஜி., 1999இல் வேறு பெயரில் வெளிவந்த நேஜியோஸ் போன்ற கருவிகளைக் கையால் நிறுவி, ஒவ்வொரு சாதனத்தையும் கோப்பில் எழுதிச் சேர்த்த காலத்தில், அதைச் செய்தவர் வேலையை விட்டுப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். பெட்டி அந்தக் கவலையைத் தீர்த்தது. இரவுதோறும் கான்ஃபிகரேஷன் நகல் எடுக்கிறது, ஃபர்ம்வேர் பதிப்புகளைக் கணக்கு வைக்கிறது. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் ஓரியன் ஊடுருவல் அம்பலமான பிறகு, இத்தகைய மென்பொருளின் பாதுகாப்பு குறித்தும் வாங்குபவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் நல்லதே.

என் ஆட்சேபம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. பெட்டி, தான் கண்காணிக்கும் வலையையே நம்பி நிற்கிறது.

பெட்டியை அமைக்கும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெயரைத் தேட நிறுவனத்தின் டி.என்.எஸ்., உள்ளே நுழைய மைய அங்கீகார சர்வர், எச்சரிக்கை அனுப்ப அலுவலக மெயில் சர்வர் என்று எல்லாமே அதே கோர் ஸ்விட்ச் வழியாகத்தான் இணைக்கப்படுகின்றன. அந்தக் கோர் விழுந்தால் பெட்டிக்குக் கண்ணும் போகிறது, வாயும் போகிறது. எஸ்.என்.எம்.பி. டிராப் யு.டி.பி.யில் போவதால், போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய சாதனத்துக்கே தெரியாது. ஒரே இணைப்புள்ள கிளை ஸ்விட்ச், “இணைப்பு அறுந்தது” என்ற செய்தியை அறுந்த இணைப்பின் வழியாகத்தான் அனுப்ப முயல்கிறது. பதில் வராத சாதனங்களையெல்லாம் பெட்டி சிவப்பாக்கும். அவை செத்துவிட்டனவா, தான்தான் துண்டிக்கப்பட்டுவிட்டோமா என்று பிரித்தறிய அதனிடம் வழியில்லை.

“மேனேஜ்மென்ட் வி-லேன் தனியாக வைத்திருக்கிறோமே” என்பார்கள். அந்த வி-லேனும் அதே டிரங்க் கேபிளில், அதே ஸ்விட்ச்சுகளுக்குள்தான் ஓடுகிறது. ஒரு லூப் உருவாகி பிராட்காஸ்ட் வெள்ளம் டிரங்க்கை அடைத்தால், நிர்வாக வி-லேனும் சேர்ந்தே மூழ்கும். அது வரைபடத்தில் மட்டுமே இருக்கும் பிரிவு.

இந்தத் தவறின் முழு விலையை 2022 ஜூலை 8 அன்று கனடா கொடுத்தது. ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேம்படுத்தல் பணியில் ஒரு ரவுட்டரிலிருந்த கட்டுப்பாட்டு வடிகட்டி நீக்கப்பட்டது. ரூட்டிங் தகவல்கள் வெள்ளமாய்ப் பாய்ந்து கோர் ரவுட்டர்களை வீழ்த்தின. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவை இழந்தார்கள். பலருக்கு அவசர அழைப்பு கிடைக்கவில்லை, இன்டராக் பணப்பரிமாற்றம் நின்றது. நிறுவனத்தின் நிர்வாக வலையும் அதே ஐ.பி. கோரை நம்பியிருந்ததால், பொறியாளர்களால் ரவுட்டர்களின் பதிவுகளைக்கூடப் பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 14 மணிநேரம் ஆனது. ஊழியர்களின் கைப்பேசிகளும் அதே நிறுவனத்தின் சேவையில் இருந்ததால், தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தடைபட்டது.

தனிப்பாதை போட்டுவிட்டால் மட்டும் போதுமா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலை பராமரிப்புப் பணியின்போது துண்டானது. அங்கே தனிப்பாதை இருந்தது, அதுவும் அன்று கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போனார்கள். சேவை திரும்ப ஆறு மணிநேரத்துக்கு மேலானது. தனிப்பாதைக்கு எதிரான சான்றாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு இது எதிர்ப்பாடத்தையே சொல்கிறது: அந்தப் பாதை உண்மையில் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்பத்தக்க தனிப்பாதைக்கு, ஒவ்வொரு முக்கியச் சாதனத்தின் கன்சோல் போர்ட்டும் ஒரு கன்சோல் சர்வரில் சேர வேண்டும். அதற்கு வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம் இணைப்பு வேண்டும். மைய அங்கீகாரம் இல்லாமலும் நுழையக்கூடிய உள்ளூர்க் கணக்கு வேண்டும். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இவை பெரிய செலவல்ல. ஆனாலும் பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுபவை இவைதான், ஏனென்றால் விற்பனைக்காரர் காட்டும் திரையில் இவை தெரிவதில்லை.

எனவே வண்ண வரைபடங்களைப் பார்த்து இந்தப் பெட்டிகளை மதிப்பிடுவதை நான் ஏற்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது, முன்னறிவித்த ஓர் இரவில், பெட்டிக்கும் கோர் ஸ்விட்ச்சுக்கும் இடையிலான கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் எச்சரிக்கை ஒருவர் கைக்கு வந்து, அவர் ரவுட்டருக்குள் நுழைய முடிந்தால் அமைப்பு சரி. முடியாவிட்டால், வாங்கிய பெட்டி வலை நன்றாக ஓடும் நாட்களுக்கு மட்டுமே உதவும். அந்த நாட்களுக்கு அது தேவையே இல்லை.