நுரைக்குப் பின்னால் இருப்பது

போர் விளையாட்டுக்கான நுரை அம்பைக் கையில் எடுப்பவர் முதலில் செய்வது, முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது. மெத்தென்று இருந்தால் நல்ல அம்பு. 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய டாகோர்ஹிர் விளையாட்டின் விதிகள் அந்தக் கட்டைவிரலை அவ்வளவாக நம்புவதில்லை. 28 அங்குலம் இழுக்கும்போது வில்லின் விசை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. அம்புத் தலை இரண்டரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும். கண்குழியின் அகலம் ஏறத்தாழ 4 செ.மீ. என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

அகலத்தை அளந்துவிடலாம். மென்மைதான் ஏமாற்றும். அம்பு 15 ஜூல் ஆற்றலோடு வந்து மோதுவதாக வைத்துக்கொள்வோம். நுரை 3 செ.மீ. அமுங்கி அதை நிறுத்தினால் சராசரி விசை 500 நியூட்டன், அரை செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் 3000. மெத்தை ஸ்பாஞ்ச் விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் வேகமாக மோதினால் சட்டென்று முழுவதும் நசுங்கி, தண்டை முன்னே விட்டுவிடும். மழையில் நீரைக் குடித்துக் கனக்கவும் செய்யும். செருப்புக்குப் பயன்படும் இவிஏ ஷீட் தண்டைத் தடுக்கும். அதையே முனையிலும் வைத்தால் அடி உறைக்கும். ஆக இரண்டும் வேண்டும்: உள்ளே இவிஏ, வெளியே ஸ்பாஞ்ச். இரண்டுக்கும் அடியில், தண்டின் நுனியில் தட்டையான உலோக வில்லை. டாகோர்ஹிர்காரர்கள் பலர் இதற்கு ஒரு சென்ட் காசையே ஒட்டிவிடுகிறார்கள்; இந்த அம்பிலேயே மலிவான பாகமும் முக்கியமான பாகமும் அதுதான் என்பேன்.

தண்டில் எனக்குத் தயக்கமே இல்லை. மரம் பார்க்க அழகு. ஆனால் ரேகையோடு ஓடும் விரிசல் வெளியே தெரியாமல் இருந்து, ஒருநாள் ஈட்டிபோல் கூராக முறியும். கார்பன் ஃபைபர் அதைவிட மோசம், மயிரிழைப் பிளவைக் கண்ணால் பிடிப்பது கடினம். அலுமினியம் வளையும், வளைந்ததைக் காட்டியும் கொடுக்கும். உடைந்தால் விளிம்பு கத்தி. ஃபைபர் கிளாஸ் சற்றுக் கனம், அதன் சிம்பு தோலில் ஏறினால் அரிப்பு வேறு. ஆனாலும் உடைவதற்கு முன் பெரும்பாலும் வெளுத்தோ நார்நாராகப் பிரிந்தோ எச்சரித்துவிடுகிறது. அந்த ஒரு குணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பேன்.

மேலுறையில்தான் சிக்கல். லேடெக்ஸ் பூச்சு பளபளக்கும். ஆனால் ஸ்பாஞ்சினுள் உள்ள காற்றை வெளியேற விடாமல் அடைத்து, முனையைப் பந்துபோல் விறைக்க வைக்கும். வெயிலில் வெடிக்கவும் செய்யும். துணியுறை காற்றை விடும், ஆனால் உள்ளே நசுங்கிப்போன நுரையை மறைத்துவிடும். இருந்தும் துணிக்கே என் வாக்கு, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் தலையைத் திருகி, உள்ளங்கையால் அழுத்தமாக அமுக்கிப் பார்க்க வேண்டும். வில்லையின் விளிம்பு கையில் தட்டுப்பட்டாலோ, தலை தண்டில் ஆடினாலோ, அந்த அம்பு அன்றைக்குக் களத்துக்குப் போகக் கூடாது.